கடல்நாயும் ஏழரை எச்.பி. மோட்டாரும்

"காத்திருப்பது மனிதகுலத்தின் குழந்தைப் பருவ வியாதி. அது எங்கள் தலைமுறையோடு தீர்ந்துவிட்டது" என்று கௌசிக் அறிவித்தான். அவன் அப்பாவின் கோழிப்பண்ணை ஆபீஸில், முட்டை அட்டைகள் மேல் சாய்ந்தபடி, கொஞ்சமும் சிரிக்காமல். சேலத்தில் என்னோடு பொறியியல் படிப்பவன். முதல் வருடக் கணக்குப் பேப்பர் பாஸாவதற்கு மூன்றாம் வருடமும் காத்திருப்பதை அவன் இதில் சேர்க்கவில்லை.

அறிவிப்புக்குக் காரணம் ஒரு படம். அவன் அக்கா பிரவீனா கனடாவிலிருந்து அனுப்பியது. வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் கல்லில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த ஆரம்பகாலப் படம் ஒன்றின் நகல். தோலுடுப்பு போட்ட வேட்டைக்காரன் ஒருவன் கையில் ஈட்டியோடு இடுப்பை மடித்துக் குனிந்து, பனியில் ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் படம். கடல்நாய் மூச்சு விட அந்த ஓட்டைக்கு வரும், வரும்வரை அசையக் கூடாது, காலடிச் சத்தம் கீழே கேட்காமலிருக்கத் தோலை விரித்து அதன்மேல்தான் நிற்பார்கள் என்று அக்கா வாட்ஸப்பில் விளக்கியிருந்தாள்.

"நாள் முச்சூடும் ஓட்டையப் பாத்துட்டு நிக்கறானாம் மாப்ள. இவனுக்கு ஒரு படம், அதுக்கு ஒரு ஃப்ரேம்!"

அவன் அப்பா செல்லமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏஞ்சாமி, இவன் எந்தூரு போர்க்காரன்? கயித்தைக் காணமே?"

"போர் இல்லீங்ப்பா, வேட்டை."

"குழியப் பாத்துக் குனிஞ்சு நிக்கறான். போருக்குள்ள மோட்டார் உளுந்திருச்சாட்ட இருக்குது. பாவம், எவன் ஊட்டுப் பையனோ" என்று ஆணியடித்து மாட்டினார்.

பண்ணைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கௌசிக் அந்த வேட்டைக்காரனை நடித்துக் காட்டினான். தீவன லாரி டிரைவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அடுத்த வாரம் செல்லமுத்துவின் மோட்டார் விழுந்தது. கத்திரி வெயில். பழுது பார்க்க மேலே தூக்கும்போது குழாய் இணைப்பு விட்டுப்போய், ஏழரை எச்.பி. மோட்டார் ஆழ்துளைக் கிணற்றுக்குள் போய்விட்டது. தொட்டியிலிருந்த தண்ணீர் சாயங்காலம் வரைதான். அதற்குமேல் கோழிகள் கொட்டகை கொட்டகையாகச் செத்துவிழும். டேங்கர் லாரிகள் ஏற்கெனவே வேறு பண்ணைகளில் நின்றன.

கௌசிக் குழிக்குள் விடுகிற கேமரா ஒன்றை போனில் ஆர்டர் செய்தான். வியாழக்கிழமை வந்துசேரும் என்று பதில் வந்தது. அன்று திங்கள்.

மோட்டார் எடுக்கும் சின்னண்ணன் எடப்பாடியிலிருந்து மொபெட்டில் வந்தார். கொக்கி கட்டிய கயிற்றைக் குழிக்குள் இறக்கிவிட்டுக் குனிந்து நின்றார்.

"கெளறுனா இன்னும் அடிக்குப் போயிருமுங்க. மோட்டார்ல கட்டுன கயிறு மேல மெதந்துட்டுக் கெடக்கும். கொக்கியில பட்டா விரலுக்குத் தெரியும். அதுவரைக்கும் அலுங்காம நிக்கோணும்."

வெயில் சாயத் தொடங்கியபோது அவர் கை மரத்துவிட்டது. "தம்பி, செத்த புடிங்க. டீ குடிச்சுட்டு வாரேன்."

ஒரு கையில் கயிறு, மறு கையில் போனோடு கௌசிக் நின்றான். "மாப்ள, ஒரு ஃபோட்டோ எடு. பனிநாட்டான்னு ஸ்டேட்டஸ் போடலாம்."

நான் எடுப்பதற்குள் அவன் முகம் மாறியது. கயிறு வைத்திருந்த விரல் லேசாகத் துடித்தது. போனை மெதுவாகப் பைக்குள் விட்டான். கொட்டகையில் கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன.

சின்னண்ணன் டீ குடித்து வந்து கையை நீட்டினார். கௌசிக் கயிற்றைத் தரவில்லை.

"சிக்கிருச்சா சாமி?" என்று செல்லமுத்து தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"வந்துச்சு. போயிருச்சு" என்றான் கௌசிக், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மறுக்காவும் வரும். நீ நவுறாத."

அவன் இடுப்பு மடிந்திருந்தது. கால் மாற்றியபோது அவன் செருப்பே சரளைக்கல்லில் நறநறத்தது. குழியிலிருந்து கண்ணை எடுக்காமல் செருப்பைக் கழற்றினான். பக்கத்தில் கிடந்த தீவனச் சாக்கைக் காலால் இழுத்து விரித்து, அதன்மேல் ஏறி நின்றான்.