கல்யாணி அம்மா பெயரில் என் எச்சில்

1

"காலையிலிருந்து நீ ஏதாவது சாப்பிட்டியா?"

கல்யாணி அம்மா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. அந்த வீட்டில் சமையல் உதவிக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். "தண்ணி?" என்றார். அதுவும் இல்லை. "நல்லதாப் போச்சு" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் குழாயை என் கையில் கொடுத்தார்.

(இது நான்காவது தொடக்கம். முதலாவது, "மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது" என்றிருந்தது. படித்துப் பார்த்தால் வீடு விற்கிற விளம்பரம் மாதிரி இருந்தது. இரண்டாவது, "மனித உடலின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும்" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது. அணு எனக்குத் தெரியாத விஷயம். அது கோபாலகிருஷ்ணன் சாருடைய வேலை. மூன்றாவதில் நான் வரவே இல்லை. எல்லாம் அவர்களுக்குள் நடந்த மாதிரி எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதையே நடக்காது என்று பிறகுதான் புரிந்தது.)

2

சார் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் இருக்கிறார். ஏழேகாலுக்கு ஆபீஸ் பஸ். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். அரிசிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடக் கோடு போட்ட குவளை வாங்கி வைத்திருக்கிறார். கல்யாணி அம்மா அவர் மனைவி. கும்பகோணத்துப் பக்கம். மூன்று வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். செங்கல்பட்டு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

கல்யாணி அம்மாவை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக ஆக்கியிருந்தேன். வேலைக்காரப் பெண் எழுதினால் எஜமானி கெட்டவராகத்தான் இருப்பார் என்று நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் தீபாவளிக்கு எனக்கு வாங்கிய சுடிதார் தொளதொளவென்றிருந்தபோது, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் தானே பிடித்துத் தைத்துக் கொடுத்தவர் அவர். அதை எழுதியதும் கெட்டவர் காணாமல் போய்விட்டார். "நல்லவர்" என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். கூச்சப்படுகிறவர். அது எனக்கு நன்றாகத் தெரிந்த குணம்.

சார் ஆபீஸில் யாரோ வந்து பேசினார்களாம். எச்சிலைச் சோதித்து, பரம்பரையாக நம் உடம்புக்குள் எழுதியிருப்பதைப் படித்து, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார்களாம். சார் இரண்டு பெட்டி வாங்கி வந்தார். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, உள்ளே இருக்கும் குழாயில் கோடு வரை துப்ப வேண்டும், மூடியை அழுத்தி கூரியரில் கொடுக்க வேண்டும். தன்னுடையதை அன்றைக்கே முடித்துவிட்டார்.

3

கல்யாணி அம்மா டம்ளரை உதட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. அண்ணாந்துதான் குடிப்பார். குழம்பை ருசி பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, உடனே கையைக் கழுவுவார். கழுவாத கை பட்ட பாத்திரம் திரும்பவும் தேய்க்க வந்துவிடும். அவரிடம் ஒரு குழாயைக் கொடுத்து எச்சிலால் நிரப்பச் சொன்னால்?

நான்கு நாள் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனார். சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டார். குழாய் காய்ந்தபடியே வெளியே வரும். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. குளித்து விளக்கேற்றியிருந்தார். கூரியர்காரர் கீழே வந்துவிட்டார் என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். அனுப்பியாச்சா என்று ஆபீஸிலிருந்து சாரும் கூப்பிட்டார். "இதோ, ரெடி" என்று சொல்லி போனை வைத்துவிட்டுத்தான் அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

துணி காயப்போடும் பால்கனியில் நின்று துப்பினேன்.* திரும்பி வந்தபோது அம்மா உறையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயைத் தொடவில்லை. நான்தான் உள்ளே போட்டேன். குழாயின் மேல் சாரின் கையெழுத்தில் "கல்யாணி" என்று எழுதியிருந்தது.

"சாருக்குத் தெரிய வேண்டாம், வேண்டா."

என் பெயர் அதுதான். எங்கள் வீட்டில் நான் நான்காவது பெண்.

(* கோடு வரை நிரம்பப் பத்து நிமிடம் ஆனது. புளியை நினைத்துக்கொண்டேன்.)

4

மூன்று வாரத்தில் புத்தகம் மாதிரி ஒன்று வந்தது. முழுக்க ஆங்கிலம். சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைத் தமிழில் அட்டவணையாக எழுதி, வண்ணம் அடித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். சமைப்பது நான் என்பதால் எனக்குப் புரிய வேண்டும் என்றுதான் தமிழில் எழுதினார். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கல்யாணி என்ற பத்தியில்: பால், தயிர் சிவப்பு. காபி மஞ்சள். உப்பு பச்சை.

"பாத்தியா? உப்பு உனக்கு ஒண்ணும் பண்ணாது. மூணு வருஷம் வாயைக் கட்டிப்போட்டது வேஸ்ட்" என்றார் சார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலம் அவரே போய் மாவடு வாங்கி வந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தோசைக்கல்லைப் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். மூன்று வருடம் கழித்து மாவடுவைக் கடிக்கிற ஒருவரின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

தயிர்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சார் ஆபீஸ் போனதும் அடுக்களையில் நின்றபடியே ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிடுவார். தன் வீட்டில், தன் தயிரை. நான் வாசலில் நின்று லிப்ட் வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அவர் பத்தியை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினோரு நோட்டு வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால். பதினோரு நோட்டிலும் நான் என்னைப் பற்றி எழுதியதைவிட அந்தப் பத்தி என்னைப் பற்றி அதிகம் சொன்னது. பெயர் மட்டும்தான் வேறு.

5

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். என் அம்மா முனியம்மா சிலை செதுக்கும் பட்டறையில் கல்தூள் வாருகிறவர். நான் ஒல்லியாக இருக்கிறேன் என்று தினம் காலையில் ஒரு பெரிய டம்ளர் பால் கொடுப்பார். அக்காக்களுக்குக் கிடையாது, எனக்கு மட்டும். இரண்டாவது பீரியடில் வயிறு முறுக்கும். எழுந்து நிற்பேன். முதல் இரண்டு தடவை டீச்சர் அனுப்பினார். பிறகு, தினமும் இதே நேரத்தில் என்ன நாடகம் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஒருநாள் அனுப்பவில்லை. அன்றைக்கு

(அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.)

மறுநாள் நான் யூனிபார்ம் போடவில்லை. அம்மா பால் டம்ளரோடு நின்றார். "வயித்து வலின்னு பேஜாரு பண்ணாதடி. குட்ச்சிட்டு கெளம்பு." குடித்தேன். கிளம்பவில்லை. யாரையோ பார்த்து மனசு கெட்டுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

இப்போது பிரிட்ஜ் கதவில் சிவப்பு எழுத்தில் பால் என்று இருக்கிறது. நான் பாலை நிறுத்திப் பார்த்தேன். பத்து நாள் வயிறு வாயைத் திறக்கவில்லை.

"இன்னாடி, பாலு வேணான்ற? ஒடம்பா கீது உனுக்கு, காத்தடிச்சா பறந்துருவ" என்றார் அம்மா. காரணத்தை நான் சொல்லவில்லை. அந்தப் பால் அவர் எனக்கு மட்டும் தனியாகக் கொடுத்த ஒரே பொருள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கல்யாணி அம்மா தூங்கும்போது புரட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே ஒன்று புரிந்தது. ஒவ்வொரு வரியிலும் "இருக்கலாம்" என்றுதான் போட்டிருக்கிறது. ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், பாதிக்காமல் இருக்கலாம். வண்ணம் அடிக்கும்போது சார் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் ஒன்பதாம் வகுப்புக்காக நானும் அதைத் தாண்டித்தான் போனேன்.

6

ஐந்தாவது வாரம் கல்யாணி அம்மாவின் கால் வீங்கியது. பின்மண்டை வலிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். சார் வேறொரு கணக்கில் இருந்தார். உப்பு பச்சை என்றால் மாத்திரையையும் பாதியாக்கலாமே, சனிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்போம் என்றார்.

அன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன், சொல்லிவிடலாமா என்று. அந்த வீட்டில் நானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

"ஆபீஸ் பூராக் காட்டிட்டார் அவர். முப்பது வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல நான். எச்சில் துப்ப வெக்கப்பட்டு இதைச் செஞ்சேன்னு எப்படிடி சொல்றது?" தலைத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நீ வாயத் திறந்தே, அப்புறம் உன் முகத்துல முழிக்கமாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

இங்கேதான் எழுதுகிற நான் மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: டாக்டரே கண்டுபிடிக்கிறார். அறிவாளியான டாக்டர், புத்தகத்தைப் பார்த்ததுமே இது இந்த அம்மாவுடையது இல்லை என்கிறார். ஆனால் அவர் வாசலில் அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். எச்சில் யாருடையது என்று எந்த டாக்டர் கேட்பார்?

இரண்டு: நான் கடிதம் எழுதி பிரிட்ஜில் ஒட்டுகிறேன். உண்மையில் எழுதவும் செய்தேன். ஒட்டிவிட்டு, சார் குளித்துவிட்டு வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

மூன்று: கல்யாணி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தானே சொல்லிவிடுகிறார். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. எழுதுகிறவளே அழுகிற இடம் நம்பத் தகுந்ததில்லை என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

7

நடந்தது இன்று, வியாழக்கிழமை. சாருக்கு லீவு. அம்மா அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்தார். சாரும் நானும் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். சார் அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். நூற்று எழுபத்தெட்டு, நூற்று நான்கு.

"இருக்காதே" என்றார். பேட்டரியை மாற்றினார். நூற்று எழுபத்தாறு.

"உப்பு பச்சைன்னுதான இருக்கு. மெஷின்தான் தப்பு. வேண்டா, இங்க வா, உக்காரு."

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. பட்டையை என் கையில் சுற்றினார். என் கைக்கு அது பெரிதாக இருந்ததால் இன்னொரு சுற்று இறுக்கினார். பட்டை ஊதியது, பிடித்தது, மெல்ல விட்டது. நூற்றெட்டு, எழுபது. சார் அதை ஒரு காகிதத்தில், அம்மாவின் இரண்டு எண்களுக்குக் கீழே எழுதினார். மூன்றையும் வெகுநேரம் பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. அப்ப ரிப்போர்ட்..."

அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் முடித்தேன். "தெளிவான குரலில்" என்று முதலில் எழுதியிருந்தேன். இல்லை. சார் குனிந்து, திரும்பச் சொல்லச் சொன்னார்.

"அந்த டியூப்ல இருந்தது என் எச்சி சார். அம்மாது இல்ல."

கை இன்னும் பட்டைக்குள்தான் இருந்தது. சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு முதல் இரண்டு எண்களையும் சொன்னார். மாவடு, அப்பளம் எல்லாவற்றையும், ஐந்து வாரம் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். உடனே அழைத்து வரச் சொன்னார்கள். கார் சாவியைத் தேடி உள்ளே போனார்.

நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அது வலியா, அவமானமா, ஒரு சுமை இறங்கியதா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வரும். இந்த ஒரு இடத்தில் மாட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு நான் அந்த வீட்டு மணியை அடிப்பேன். கதவைத் திறப்பது யார், என்ன சொல்லித் திறக்கிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

சார் லிப்டைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். கல்யாணி அம்மா எழுந்தார். தாங்கிக்கொள்ள என் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியாக, என்னைத் தாண்டி நடந்தார். லிப்டுக்குள் போய்விட்டார்.