அணித்தரம் ஒன்று

கணக்கு வாத்தியார் பலகையில் எண்களை மூன்று நிரைகளாக எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குக் கீழே இரண்டு, நான்கு, ஆறு. அதற்கும் கீழே மூன்று, ஆறு, ஒன்பது. இரண்டு பக்கமும் அடைப்புப் போட்டுவிட்டு, கையில் இருந்த பொருளால் பலகையைத் தட்டினார். முன்வரிசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சார், கையில அடுப்பு லைட்டர்."

வாத்தியார் குனிந்து பார்த்தார். லைட்டர்தான். "மண்டையில வெளக்கு எரியாதவங்க நாலு பேரு இருக்கீங்களே, பத்தவைக்க வேணாமா?" என்று சமாளித்து, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வகுப்பே சிரித்தது. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்னறையில் நடத்தும் வகுப்பு இது. இதில்தான் அவருக்கு மூச்சு விட முடிந்தது. அதுவும் இன்றைக்கு உள்ளே போகவே கால் கூசியது. வகுப்பு முடிகிற வேளைக்கு முதியோர் இல்லத்து வேன் வருகிறது, அவருடைய மச்சானைக் கூட்டிப் போக.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். காலமெல்லாம் தொலைதூர பஸ் ஓட்டியவர். தெருவில் அவருக்கு ஸ்டியரிங் என்று பெயர். கட்டிய மனைவி போன பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தார். போன மாதம் ஒருநாள் வீடு முழுக்க காஸ் நாற்றம். அடுப்பு அணைந்து கிடக்க, திருகு முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. ஒரு பொறி பட்டிருந்தால் வீட்டோடு போயிருப்பார்கள். அன்றிலிருந்து பேச்சு ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்கு மறதி முற்றிவிட்டது என்று எதிர் வீட்டுத் தையல்காரர் சொன்னார். மகள் போனில் சொன்னாள். மனைவி அழுதுகொண்டே சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று பேர் மூன்று பக்கமிருந்து ஒன்றையே சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? இல்லத்தைத் தேடிப் பிடித்ததே வாத்தியார்தான்.

"இதோட அணித்தரம், அதான் ரேங்க், என்ன?" என்று கேட்டார்.

"மூணு சார்" என்றது கடைசி வரிசை.

"மூணு நிரை இருந்தா தரம் மூணாயிடுமா? ரெண்டாவது நிரையப் பாரு. மொதலாவத ரெண்டால பெருக்கினது. மூணாவது, மூணால பெருக்கினது. ரெண்டும் புதுசா என்ன சொல்லுது? ஒரு மண்ணும் இல்ல. கழிச்சா பூஜ்யம்." கழித்துக் காட்டினார். கீழ் நிரைகள் இரண்டும் பூஜ்யங்களாகின. "எத்தனை நிரை இருக்குங்கறது பேச்சில்ல. எத்தனை நிரை சொந்தமா பேசுது, அதான் தரம். இங்க ஒண்ணே ஒண்ணு."

"இதனால யாருக்கு சார் உபயோகம்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

வருஷா வருஷம் எவராவது கேட்கிற கேள்விதான். வாத்தியாரும் வழக்கமான உற்சாகத்தோடு ஆரம்பித்தார். "இப்ப ஒரு ஆளப்பத்தி மூணு பேர் உன்கிட்ட வந்து ஒரே விஷயத்த சொல்றாங்கன்னு வெச்சுக்க. நீ மூணு சாட்சின்னு நெனப்ப. மூணு பேரும் ஒரே எடத்துல கேட்டுட்டு வந்து சொல்லியிருந்தா..."

சாக்பீஸைக் கீழே வைத்தார். ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளைகளின் விடைத்தாளில் இந்தத் தப்பைக் கண்டால் சிவப்பு மையால் குத்திக் கிழிக்கிற மனிதர், தன் வீட்டில் மூன்று தலையை எண்ணி மூன்று என்று போட்டிருக்கிறார். வகுப்பைப் பாதியில் முடித்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்.

எதிர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். "நான் எங்க சார் பாத்தேன்? உங்க பொண்ணு வந்திருந்தப்ப சொல்லுச்சு." மகளுக்குப் போன் போட்டால், "அம்மாதாம்ப்பா சொன்னாங்க. ஏன், இப்ப என்ன?" என்றாள். இரண்டு நிரை போயிற்று. வாத்தியார் மொட்டைமாடிக்கு ஏறினார். மனைவி அண்ணனுடைய சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அன்னைக்கு நீ என்ன பாத்த? கண்ணால பாத்தத மட்டும் சொல்லு."

"இப்ப எதுக்குங்க அது? மார்க்கெட்லேர்ந்து வந்தேன். ஒரே நாத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, அண்ணன் திருகுல கைய வெச்சுட்டு நிக்கிறாரு."

"தொறந்தாரா, மூடினாரா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அது எனக்கென்ன தெரியும்? நீங்கதானே பின்னாடியே வந்து, 'பாத்தியா, உங்கண்ணன் தொறந்து விட்டுட்டு நிக்கிறத'ன்னு சொன்னீங்க."

வாத்தியார் மாடிப்படியில் இறங்கினார். கடைசியில் மிஞ்சிய அந்த ஒற்றை நிரை அவர்தானா? சரி, ஏதோ பார்த்துத்தானே சொல்லியிருப்பார். என்ன பார்த்தார்? யோசித்தார். அன்று காலையில் நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. பிறகு மனைவியின் கூச்சல். இடையில் ஒன்றுமே இல்லை, துடைத்த பலகை மாதிரி.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்து பையை மூடிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அன்னைக்கு அடுப்ப நீங்களா பத்தவெச்சீங்க?"

ஸ்டியரிங் நிமிர்ந்து பார்த்தார். "விடுங்க மாப்பிள்ளை."

"சொல்லுங்க."

"நான் வீட்லயே இல்லையே. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிருவான்னு உங்ககிட்ட மட்டும் சொன்னேன். நீங்கதானே தெருமுனை வரைக்கும் வந்து ஆட்டோல ஏத்திவிட்டீங்க."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவா? தெருமுனையா? ஒரு துளி கூட ஞாபகம் வரவில்லை. பச்சைப்பிள்ளை போல வாயைத் திறந்தபடி நின்றார்.

"திரும்பி வந்தேன், நாத்தம். ஓடிப்போய் மூடினேன். நீங்க வந்து என்னைக் கைகாட்டிச் சொன்னீங்க பாருங்க, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. நெசமாவே தெரியல உங்களுக்கு."

"அப்பவே ஏன் மச்சான் வாயத் தொறக்கல?"

"தொறந்து? அண்ணன் போனா ஒரு வாரம் அழுவா, தேத்திக்குவா. புருஷன்னா தாங்குவாளா? நான் என்ன, எங்க படுத்தாலும் தூக்கம் வர்ற டிரைவர்." குரலைத் தாழ்த்தினார். "அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் போகாதீங்க மாப்பிள்ளை. எனக்கு அது போதும்."

அடுக்களையிலிருந்து மனைவியின் கத்தல் கேட்டது. "ஐயையோ! யாரு தண்ணிய வெச்சது? சுண்டிப்போய்ப் பாத்திரமே கருகுது!"

"நான்தாம்மா!" இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை, மச்சான் குரல் கொடுத்துவிட்டார். "டீ போடலாம்னு வெச்சேன், மறந்துட்டேன்!"

"அண்ணே, கெளம்புற நேரத்துலயுமா..." பாத்திரத்தைத் தொட்டியில் போடும் சத்தம் கேட்டது. "லைட்டரையும் காணோம். எங்கண்ணே வெச்ச?"

மச்சானின் கண் வாத்தியாருடைய சட்டைப்பைக்கு வந்து நின்றது. எட்டி, அதிலிருந்த லைட்டரை உருவி, தன் பைக்குள் சட்டைகளுக்கு அடியில் போட்டு இழுத்து மூடினார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"வர்றேன் மாப்பிள்ளை" என்று பையைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. வாத்தியார் அதன் இன்னொரு வாரைப் பிடித்திருந்தார். விடுங்க என்று மச்சான் கண்ணால் கெஞ்சினார். மனைவியின் காலடிச் சத்தம் அறையை நெருங்கியது. ஹாரன் மறுபடியும் அடித்தது. இருவருக்கும் நடுவே பை தொங்கிக்கொண்டிருந்தது.