இடைக்காலப் பிரதமர்

பல் டாக்டராக இருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். பிரதமர் திடீரென்று இறந்தபோது சுகாதார அமைச்சராக இருந்தார். காலியான நாற்காலிக்கு நிதியமைச்சரும் கட்சிச் செயலாளரும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் இருவரும் தலையாட்டிய ஒரே ஆள் டாக்டரம்மாதான். அவருக்கென்று கோஷ்டி எதுவும் கிடையாது.

"கொஞ்ச நாள் பாத்துக்குங்கம்மா. அதுக்குள்ள நாங்க பேசி முடிச்சிடறோம்" என்றார் செயலாளர்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "பொம்மையா உக்கார வைக்கறாங்க. புரியுதா இல்லையா?"

"புரியுதுங்க. ஆனா நாடு எப்படித்தான் ஓடுதுன்னு உள்ள போய்ப் பாக்க ஆசையா இருக்கே!"

பார்த்தார். கோப்பில் கையெழுத்துப் போடுமுன் அதிகாரியைக் கூப்பிட்டு, "இது ஏன் இப்படி?" என்பார். அவர் சுகாதார அமைச்சராக இருந்தபோதும் திறக்க முடியாத ஆஸ்பத்திரி ஒன்று, கட்டி முடித்தும் வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்தது. கேட்டால், மின்துறை சுகாதாரத் துறையைக் கைகாட்டியது, சுகாதாரத் துறை மின்துறையைக் கைகாட்டியது. டாக்டரம்மா இரண்டு துறைச் செயலர்களையும் அந்தக் கட்டடத்துக்கே வரவழைத்து, தூசி படிந்த பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார். அடுத்த மாதமே ஆஸ்பத்திரி திறந்தது.

ஜனங்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நிதியமைச்சரும் செயலாளரும் முதல்முறையாகச் சேர்ந்து வந்தார்கள்.

"போதும்மா, ராஜினாமா குடுத்துடுங்க."

"தாராளமா. அடுத்தது யாருன்னு சொல்லுங்க, அவர்கிட்டயே ஒப்படைச்சிடறேன்."

இருவரும் டாக்டரம்மாவை இறக்குவதில் மட்டும்தான் ஒத்துப்போயிருந்தார்கள்.

"அதைப் பிறகு பேசிக்கலாம்" என்றார் நிதியமைச்சர்.

"பிறகு என்ன பிறகு? இங்கயே சொல்லுங்க!" என்று அவர்மேல் பாய்ந்தார் செயலாளர்.

டாக்டரம்மா அவர்களுக்குத் தேநீர் சொல்லிவிட்டு நாடாளுமன்றத்துக்குக் கிளம்பினார். திரும்பியபோது நிதியமைச்சர் மட்டும் ஜன்னலோரம் நின்றிருந்தார். செயலாளர் கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டாராம்.

சில நாளில் செயலாளர் தனிக்கட்சி தொடங்கினார். தேர்தல் வந்தது. நிதியமைச்சர் தயங்கித் தயங்கி, "என் தொகுதிக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போங்கம்மா" என்று கேட்டார். டாக்டரம்மா போனார். கட்சி மயிரிழையில் ஜெயித்தது.

டாக்டரம்மாவே மறுபடியும் பிரதமரானார். முதல் தடவை பதவியேற்றபோது உறுதிமொழியைப் படபடவென்று வாசித்து முடித்தவர், இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.