முந்நூற்று நாற்பத்தோராம் பக்கம்

நெரிதாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான்தான். நாவலை எழுதிய இலிங்காவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை.

இலிங்கா பகலில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். முப்பத்தோரு வயது. நான்கு வருடம் விடியற்காலையில் எழுந்து எழுதிய நாவலை எங்கள் பதிப்பகத்துக்கு அனுப்பினாள். க்ளூஜ் நகரத்தில் எங்களுடையது சின்னப் பதிப்பகம். அதுவரை பள்ளிக்கூடத்துப் பயிற்சி நூல்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பதின்பருவப் பெண்கள் மாயக்கதைகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று முதலாளி ஹோரியாவுக்கு யாரோ சொல்லியிருந்த நேரம் அது. எடிட்டர் என்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

'உப்பின் குரல்' என்பது நாவலின் பெயர். நெரிதா உப்புச் சுரங்கத்தில் பிறந்தவள், பதினேழு வயது. உப்புப் பாறை பேசுவது அவள் காதில் மட்டும் விழும். அவள் கேட்டுக்கொண்டால் சுவர் இடியும், கூரை இறங்கும். சுரங்கத்து ஜனங்களை அடிமையாக வைத்திருக்கும் அரண்மனையும் உப்பால் கட்டியதுதான். இலிங்கா எழுதிய முடிவில் நெரிதா அரண்மனையை இடித்துவிட்டு, மலைப்பாதையில் தனியாக நடந்து போகிறாள். இளவரசன் டாங்கோ கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தேன். ஆனால் ஹோரியா கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

"ஒட்டிலியா, அறுநூறு கிராம் எடையுள்ள புஸ்தகத்தைத் தூக்கிப் படிச்சுட்டு வர்ற பொண்ணுக்குக் கடைசியில என்ன கெடைக்குது? ஒரு முதுகு. அவ முதுகு! யாரு காசு குடுத்து வாங்குவா?"

"அதுதான் சார் கதையே."

"கதையை நீ வச்சுக்க. எனக்கு ஒரு முத்தம் வேணும்."

நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. இலிங்காவை உட்காரவைத்து, "வாசகர்கள் இதைத்தான் விரும்புவாங்க, என்னை நம்பு" என்று சொன்னேன். இருபத்திரண்டு வருட அனுபவம் என்ற ஒன்றை மேசைமேல் வைத்துப் பேசினேன். அவள் இரண்டு வாரம் முரண்டு பிடித்தாள். பிறகு முந்நூற்று நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து கடைசிவரை மாற்றி எழுதிக் கொடுத்தாள். டாங்கோ சாகக் கிடக்கிறான். அவன் உயிருக்கு ஈடாக நெரிதா தன் செவியை உப்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். முத்தம், மணிகள், கல்யாண ஊர்வலம். கல்யாண உடையைப் பற்றிய ஒரு பத்தி முழுக்க நான் எழுதியது.

புத்தகம் விற்றது. அதில் குறையில்லை. ஆனால் வாசகர்கள் கருத்து எழுதும் இணையதளத்தில் மூன்றாம் வாரமே ஆரம்பித்துவிட்டது.

"முந்நூத்தி நாப்பது பக்கம் சிங்கம். அப்புறம் இருபது பக்கம் பொம்மை."

"நெரிதா மாதிரி ஒரு முட்டாளை நான் பார்த்ததில்ல. ஒரு பையனுக்காகக் காதையே குடுப்பாளா?"

"எனக்குக் கல்யாணம் பிடிச்சிருந்துச்சு. அதுக்கு முன்னாடி எதுக்கு இவ்வளவு கோபம்? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

"நாப்பதாம் பக்கத்துல டாங்கோவுக்குக் கறுப்பு முடி, எரநூத்திப் பத்துல பழுப்பு. எழுதினவங்க தூங்கிட்டாங்களா?"

"புஸ்தகம் மூலை மடங்கி வந்துச்சு. ஒரு நட்சத்திரம்."

"எழுதினவளுக்கு முதுகெலும்பு இல்ல. அதான் கதாநாயகிக்கும் இல்ல."

கடைசியாகச் சொன்னதை இலிங்கா எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். பின்னால் பல் அராவும் இயந்திரத்தின் சத்தம்.

"ஒட்டிலியா அக்கா, இதுக்கு நான் என்ன பதில் போடட்டும்?"

"பதிலே போடாத. எதையும் படிக்காத."

"நீங்க படிக்கிறீங்களா?"

"இல்ல" என்றேன். காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

"முதுகெலும்பு இல்லன்னு என்னைச் சொல்றாங்க அக்கா. என்னை!"

அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். ட்ராமில் எதிரே உட்கார்ந்து அந்தப் புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கண்ணை உருட்டினாள். நான் என் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

அந்த இணையதளத்தில் ஸ்மாரண்டா என்ற பெயரில் ஒருத்தி எழுதியதுதான் எல்லாவற்றிலும் நீளம். பதினோரு பத்தி. ஒரே ஒரு நட்சத்திரம். எந்த வசைச்சொல்லும் கிடையாது. எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியம் எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, "முந்நூற்று நாற்பத்தொன்றில் குரல் மாறுகிறது" என்று முடித்திருந்தாள். அதை நான் நான்கு முறை படித்தேன். இலிங்காவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் மாதம் பிஸ்த்ரிட்ஸா ஊர் நூலகத்தில் ஒரு வாசகர் சந்திப்பு. சனிக்கிழமை மதியம். நாற்பது பெண்கள், நான்கைந்து பையன்கள், வாசலில் தட்டு நிறைய எள் தூவிய வளைய ரொட்டி. இலிங்கா மேடையில் உட்கார்ந்திருந்தாள். நான் முதல் வரிசையில். முதல் அரைமணி நேரம் வழக்கம்போல டாங்கோவுக்கு யாரை மனதில் வைத்து எழுதினீர்கள், இரண்டாம் பாகம் எப்போது என்று போனது.

பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதினைந்து பதினாறு வயது இருக்கும். பல்லில் கம்பி. கையிலிருந்த புத்தகத்தில் அத்தனை வண்ணத்திலும் ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என் பேரு ஸ்மாரண்டா. எனக்கு ஒரே ஒரு கேள்வி மிஸ். முந்நூத்தி நாப்பத்தொண்ணுல இருந்து நீங்க எழுதலதானே?"

இலிங்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவள் வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லியிருந்தால் அது நியாயம்.

"நான்தான் எழுதினேன். அட்டையில என் பேருதானே இருக்கு?" என்றாள்.

"அப்போ ஏன் அப்படி எழுதினீங்க?"

இலிங்காவின் கழுத்து சிவந்தது. எதிரே இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். நான் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன், "காசுக்காகத்தான்!" என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

"நான் இந்தப் புஸ்தகத்தோட எடிட்டர். முடிவை மாத்தச் சொன்னது நான். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. ஒருத்தியின் முகத்திலும் மன்னிப்பு இல்லை. "நீங்களா?" என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"அப்போ பழைய முடிவு என்ன மிஸ்?" என்று ஒரே நேரத்தில் பல குரல்கள்.

இலிங்கா சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கண்கள் பளபளக்க. அரண்மனை இடிவது, மலைப்பாதை, கூப்பிடும் குரல், திரும்பாத முகம். எட்டு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொல்லி முடித்துவிட்டு அவள் கைதட்டலுக்காகக் காத்திருந்தாள் என்றே நினைக்கிறேன்.

"தனியாவா போறா? பாவம்!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"இதுதான்டி சூப்பர்!"

"சூப்பராம்! மலையில போய் என்ன திம்பா?"

"உனக்கு எப்பவும் சோறு!"

"டாங்கோ என்ன பாவம் பண்ணான்?"

"அவங்கப்பன் பண்ணான்ல!"

கூடம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எழுதியவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்மாரண்டா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். இலிங்கா அவளிடம், கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில், "உனக்கு? உனக்கு இது சரியா இருக்குதானே?" என்று கேட்டாள்.

"இல்ல மிஸ்."

"ஏன்?" இலிங்கா மேசையைத் தட்டினாள். "கல்யாணமும் வேணாம், தனியாப் போறதும் வேணாம். அப்புறம் என்னதான்டி வேணும் உங்களுக்கெல்லாம்?"

ஸ்மாரண்டா பச்சை ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தாள்.

"அம்பத்தெட்டாம் பக்கம். நெரிதாவோட தங்கச்சி யுல்கா. ஒம்பது வயசு. அவளை மூணாம் சுரங்கத்துல, இருட்டுல ஒளிச்சு வச்சுட்டு, 'நான் வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இரு'ன்னு சொல்லிட்டுப் போறா. அதுக்கப்புறம் யுல்கா எங்கயும் வரவே இல்ல. அரண்மனை இடிஞ்சுது, கல்யாணமாச்சு, இல்லன்னா மலையேறிட்டா. அவ இன்னும் அங்கதான் உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கா மிஸ். உங்க ரெண்டு முடிவுலயும்."

சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இலிங்கா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தாள், வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல. நான் அந்த நாவலை ஒன்பது முறை படித்தவள். காற்புள்ளி காற்புள்ளியாகத் திருத்தியவள். முடிவுக்காக இருவரும் இரண்டு வாரம் மல்லுக்கட்டினோமே தவிர, இருவர் நினைவிலும் அந்தக் குழந்தை வரவில்லை.

"மறந்துட்டேன்" என்றாள் இலிங்கா.

"இணையதளத்துல இதை எழுதல, ஆனா இதனாலதான் ஒரு நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டு ஸ்மாரண்டா உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் ரயிலில் இலிங்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை ஹோரியா என்னை அழைத்து, மேடையில் பதிப்பகத்தின் மானத்தை ஏலம் போட்டதாகக் கத்தினார். இரண்டாம் பதிப்பில் முடிவைத் திருத்தலாம் என்றேன். "இருக்கிறதே வித்துக்கிட்டிருக்கு, ஒரு வார்த்தை மாத்தக்கூடாது" என்றார். அப்படியே அச்சானது. டாங்கோவின் தலைமுடியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் கறுப்பாக்கினேன்.

பிப்ரவரியில் இலிங்காவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் பாகத்தின் முதல் நாற்பது பக்கங்கள். கடிதத்தில் மூன்றே வரி. தங்கச்சியிலிருந்து ஆரம்பித்திருக்கிறாளாம். முதலில் ஸ்மாரண்டாவுக்கு அனுப்பினாளாம், அவள் பன்னிரண்டு தவறுகள் கண்டுபிடித்தாளாம். "நீங்கள் படிக்கலாம். கருத்துச் சொல்லக் கூடாது."

அன்று மாலையே அச்செடுத்துப் படித்தேன். பதினேழாம் பக்கத்தில் யுல்கா தன் அக்காளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கல்லை எடுத்து எறிகிறாள். நெற்றியில் ரத்தம். அந்த இடம் கொஞ்சம் கடுமை, படிக்கிற பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று என் கை தானாகவே ஓரத்தில் எழுதத் தொடங்கியிருந்தது. இரண்டு வார்த்தை எழுதிய பிறகுதான் கவனித்தேன். பென்சிலை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.