இடது ஸ்பீக்கர்

அவர் இசை கேட்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நாற்காலிக்கும் நடுவில் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து, தரையில் குறி ஒட்டி வைத்திருந்தார். இசைத்தட்டு சுழலும்போது பக்கத்து அறையில்கூட யாரும் அழுந்த நடக்கக் கூடாது. முள் அதிரும். அவருடைய மனைவி சொந்த வீட்டில் பூனை நடை நடந்து பழகியிருந்தாள்.

ஒரு கடுமையான ஜலதோஷத்துக்குப் பிறகு, இடது பக்கம் ஒலி மங்கிவிட்டதென்று அவர் சொல்லத் தொடங்கினார். முள்ளை மாற்றினார். வயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எதுவும் சரிப்படாததால் பழி மனைவி மேல் வந்து விழுந்தது. பெருக்கும்போது அவள்தான் இடித்திருக்க வேண்டும்.

"நான் அதைத் தொடவே இல்லைங்க."

"பின்ன ஸ்பீக்கருக்குக் கால் முளைச்சு நடந்துச்சா?"

அதோடு விடவில்லை. மகளுக்குப் போன் செய்து, "உங்கம்மா கை வெச்ச எதுதான் உருப்பட்டிருக்கு?" என்றார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விஷயம் தெரியும். சாப்பிடும்போது இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் அவர் பதில் சொல்வதில்லை. வலது பக்கம் வந்தால் சொல்கிறார். திடீரென்று காது போனால் நாள் கடத்தக் கூடாது, சீக்கிரம் பார்த்தால்தான் திரும்பும் என்று மருந்துக்கடைப் பெண் எச்சரித்திருந்தாள். காது டாக்டர் என்று வாயெடுத்ததுமே அவர், "என் காதைப் பத்தி நீ சொல்றியா? மிக்சி சத்தமும் வயலினும் உனக்கு ஒண்ணுதானே" என்று முடித்துவிட்டார்.

ஒலி விஷயத்தில் அவர் மதிக்கும் ஆள் உலகத்தில் ஒருவர்தான், அவருடைய நண்பர். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தவிர எதையும் ஒத்துக்கொள்ளாததால் எல்லோரும் அந்த நண்பரை 'வால்வு' என்றே கூப்பிடுவார்கள். அவள் ரகசியமாக அவருக்குப் போன் செய்தாள்.

"நீங்க சொன்னா கேப்பார், அண்ணா. குறை காதுலதான்னு நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

"நான் பார்த்துக்கறேன், தங்கச்சி. கவலைப்படாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வால்வு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வயலின் தட்டைக் கேட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் கேட்டது. பிறகு ஆம்ப்ளிஃபையரின் பின்னால் குனிந்து, இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிச் செருகினார். கருவியில் கோளாறு இருந்தால் மங்கல் இப்போது வலது பக்கம் போக வேண்டும்.

"உக்காருடா. இப்ப கேளு."

கணவர் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். "இப்பவும் இடதுதான்டா."

வால்வு நிமிர்ந்தார். வாசலில் காபித் தட்டோடு நின்றவளைப் பார்த்தார். அவள் மனதுக்குள், கடவுளே, இவருக்குத் தைரியம் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா முழிக்கிற? சொல்லு. நம்ம கூட்டத்துல உன்னையும் என்னையும் விட்டா எவனுக்குடா காது இருக்கு?" அவர் சிரித்தார். ஆனால் கைகள் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன.

வால்வு அந்தக் கைகளைப் பார்த்துவிட்டார்.

"மெஷின் சுத்தம். ஸ்பீக்கர்தான் கொஞ்சம் திரும்பியிருக்கு. யாரோ இடிச்சிருக்காங்க."

"கேட்டியா?" என்றார் அவர், வாசல் பக்கம் திரும்பி.

வால்வு இடது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை நகர்த்தினார். அவர் மறுபடி கண்ணை மூடினார். "ஆங். இப்பத்தான் உயிர் வந்திருக்கு" என்றார்.

வால்வு கிளம்பியபோது அவள் கேட் வரைக்கும் கூட நடந்தாள். வால்வு செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழலை. பாவமா போச்சு."

"பாவம் பார்த்தீங்க, சரி. அதை ஏன் அண்ணா என் தலையில இறக்கினீங்க?"

"இன்னொரு நாள் பக்குவமா சொல்றேன்."

"இன்னொரு நாள் அந்தக் காது இருக்குமா? இப்ப உள்ள வாங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்துக் கிளம்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இரக்கத்துக்கு ஒரு பாரம் உண்டு. அதைத் தான் சுமக்காமல் பக்கத்தில் நிற்பவர் மேல் வைத்துவிட்டுப் போகும் நல்லவர்களில் அவரும் ஒருவர்.

உள்ளே அவளுடைய கணவர் சந்தோஷமாக இருந்தார். "போனது போகட்டும் விடு. நானும் மகள்கிட்ட கொஞ்சம் அதிகமா பேசிட்டேன். இனிமே பார்த்துப் பெருக்கு" என்றார். அவர் திட்டியபோதெல்லாம் தாங்கியவளுக்கு இந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை.

அவருடைய வலது பக்கம் போய் நின்றாள். "ஸ்பீக்கரை யாரும் இடிக்கலை. உங்களுக்கு இடது காது கேக்கலை. அண்ணனுக்கும் அது தெரியும். சொல்ல மனசு வரலை அவருக்கு."

அவர் இன்னொரு தட்டை எடுத்துச் சுழலவிட்டார்.

"நல்லது செஞ்சுட்டுப் போனவன் மேலயும் பழி போடுற பார்த்தியா" என்றார். தட்டின் மேல் முள்ளை இறக்கி வைத்தார்.

அவள் சமையலறைக்குப் போய்க் காது மருத்துவமனைக்குப் போன் செய்தாள். மறுநாள் காலையே வரச் சொன்னார்கள். கணவர் பெயரைக் கொடுத்தாள்.

"கட்டாயம் வருவாரா, அம்மா? நிறைய பேர் காத்திருக்காங்க" என்று கேட்டாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"வருவார்மா" என்றாள்.