சிவப்புத் துணி கட்டிய கம்புகள்

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். ஹெலிகாப்டர் மருந்திலிருந்து விலகியவனை மட்டும் விடமாட்டார்கள். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரை மேட்டில் எங்கள் திராட்சைச் சரிவு அப்படி. டிராக்டர் ஏறாது, மனிதன் ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால் கோடை முழுக்க ஹெலிகாப்டர்தான் எல்லார் திராட்சைக்கும் சேர்த்து மருந்து அடிக்கும்.

என் தம்பி வெண்டலினின் மகள் லியோபா அதிலிருந்து விலகினாள். ஒயின் படிப்பை முடித்து வந்தவள், குடும்பத் தோட்டத்தில் கீழ்ச் சரிவை அப்பனிடமே விட்டு, நடுச் சரிவைத் தனக்கென்று கேட்டு வாங்கி, இயற்கை முறையில்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மூன்று வருஷம் ரசாயனம் படாமல் இருந்தால்தான் சான்று கிடைக்கும். நடுவில் பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. விமானிக்கு அடையாளமாக நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு வைத்தாள். அதைப் பார்த்தால் அவன் குழாயை மூடிக்கொண்டு தாண்டிப் போவான்.

மூன்றாவது வருஷம் ஜூன் முழுக்க மழை. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இயற்கை முறையில் அனுமதி உள்ள தாமிரக் கரைசலை லியோபா முதுகில் சுமந்து போய் அடிப்பாள். மழை வந்து கழுவிவிடும். திரும்பவும் ஏறுவாள். தோளில் பட்டை அறுத்த இடம் புண்ணாகிவிட்டது. சட்டை ஒட்டாமல் இருக்க நான்தான் துணி வைத்துக் கட்டுவேன். அதைப் பார்க்க எனக்கே பொறுக்காது. பெற்றவனுக்குப் பொறுக்குமா? வெண்டலின் தினமும் போய் அவள் செடியின் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டு முன்கூடத்தில் கோடைக்கு மட்டும் நான் ஒயின் கடை போடுவேன். மேல் சரிவுக்காரன் ஓட்மார் ஒரு நாள் மாலை அங்கே வந்து வெண்டலினுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"என்ன வெண்டலின், உன் பொண்ணு இந்த வருஷம் பூஞ்சையிலயே ஒயின் போடப் போறாளாமே?"

"உன் ஒயினைவிட நல்லாத்தான் இருக்கும்," என்றேன்.

"நக்கலை விடு, இர்ம்கார்ட். அவ செடியில இருக்கறது என் செடிக்கு ஏறாதா? நாளைக்குக் காலையில ஹெலிகாப்டர் வருது. ஒரே ஒரு தடவை அடிச்சா காய் பொழைச்சிடும். பிடிவாதம் புடிச்சா என்ன பண்றது?"

வெண்டலின் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் ஒயினை மீதி வைத்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் முற்றத்தில் காபிக் கோப்பையோடு நின்ற லியோபா சரிவை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை, என் கம்பு எங்க?"

நானும் பார்த்தேன். நாலு மூலையிலும் ஒன்றும் இல்லை. ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. விமானிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். எந்த ஓட்டம் ஓடினாலும் ஹெலிகாப்டர்தான் முந்தும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் அவளுடைய வரிசைகளுக்கு நடுவில் ஓர் ஆளைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை. விறகுக் கட்டு மாதிரி தோளில் நாலு கம்பு. நட நேரமில்லாமல் அவற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். என் தம்பி.

ஆள் நிற்கிற இடத்தில் மருந்து அடிக்கக் கூடாது. ஹெலிகாப்டர் வந்தது, தயங்கியது, அந்தச் சரிவையே விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. ஓட்மாரின் வரிசைகளுக்கும் சேர்த்துத்தான் அன்று மருந்து இல்லாமல் போனது.

அப்பனும் மகளும் ஒன்றாக இறங்கி வந்தார்கள்.

"யாருப்பா புடுங்கினது?"

"நான்தான். நேத்து சாயங்காலம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்புறம் எதுக்கு மேல போனே?"

வெண்டலின் பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அடிச்சா காய் பொழைக்கும்னு நெனச்சேன். விடிஞ்சதும் வேற மாதிரி தோணுச்சு. காய் போனா அடுத்த வருஷம் காய்க்கும். நீ பெட்டியக் கட்டிக்கிட்டுப் போனா வருவியா?"

அவள் அவனிடமிருந்து கம்புகளை வாங்கிக்கொண்டு, நட மறுபடி மேலே போனாள்.

ஓட்மார் வந்து கத்தியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவனுடைய வரிசைகளுக்கு வெண்டலினே கையால் அடித்துத் தருவதாக முடிவானது. ஓட்மாரின் மருந்து, ஓட்மாரின் ஸ்பிரேயர், என் தம்பியின் முதுகு. முகமூடியும் ரப்பர் உடுப்புமாக அவன் மேலே, வெறும் சட்டையில் தாமிரம் அடித்துக்கொண்டு மகள் கீழே. இரவு குப்புறப் படுத்துக்கொண்டு, "அந்த முகமூடியக் கழட்டினா ஒரு மருந்து நாத்தம் வருது பாரு. இதைத்தான் இத்தனை வருஷமா நம்ம செடிக்கும் அடிச்சோம்," என்றான். அவன் தோளுக்கும் துணி வைத்துக் கட்டினேன், கொஞ்சம் இறுக்கியே.

லியோபாவின் காயில் பாதி கருகி உதிர்ந்தது. மீதி நின்றது. அப்பனிடம் அவள் வேலையைப் பற்றி மட்டும் பேசினாள்.

அடுத்த முறை ஹெலிகாப்டர் வருகிற அன்று என் கடையின் சிவப்பு மேஜைத்துணியைக் காணோம். கொடியில்தான் காயப் போட்டிருந்தேன். தேடிக்கொண்டிருக்கும்போது விமானி போன் செய்தான்.

"இர்ம்கார்ட், கம்பு சிலது நகர்ந்திருக்கு போல. கீழ்ச் சரிவுலயும் நிக்குது. அது வெண்டலினோடதுதானே? அடிச்சிடட்டுமா?"

உருளைக்கிழங்கு அடைக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த தம்பியின் காதில் போனை வைத்தேன்.

"அடிக்காதே," என்றான். "நகரல. நான்தான் நட்டேன்."

எதிரே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த லியோபா கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு வருஷம் ஆகும்ப்பா."

"தெரியும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிழங்கிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உன் கம்பைத் தொடல," என்றான். "புதுசா வெட்டினேன்."