குணசுந்தரி டீச்சரின் உள்ளங்கை

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அன்புராஜ் நடத்திய பிரவுசிங் சென்டரில் முபீனாவுக்கு வேலை என்றால், பயோடேட்டா டைப் அடிப்பதும் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும்தான். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஊரார் தகப்பன் பெயரையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால், சென்னைக் கம்பெனி ஒன்று அன்புராஜுக்கு அந்த சிடி கட்டை அனுப்பியபோது அவள்தான் முதலில் பாய்ந்து பிடுங்கினாள்.

சிடியில் குணசுந்தரி டீச்சர் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்தியிருந்தார். கம்பெனியின் வெப்சைட்டில் அந்த வீடியோவைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். டீச்சர் வாய் திறப்பதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். ஆகவே பாடங்களைக் கட்டுரையாக எழுதி ஏற்ற வேண்டும். மாதிரிக்கு முதலில் கிராஃப் பாடம். வீடியோவே பார்க்காத ஒருவர், கட்டுரையை மட்டும் படித்துவிட்டுப் புதுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை.

“சனிக்கிழம டெஸ்ட்டு. தேறிச்சினா மொத்த சிடியும் உனுக்குத்தாம்மா. இல்லனா வேற ஆள பாத்துக்குறாங்களாம்” என்றார் அன்புராஜ்.

டெஸ்ட்டுக்கு ஆள் மாடியிலேயே குடியிருந்தாள். சுமலதா, பொதட்டூர்பேட்டைக்காரி. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, அதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டவள்.

முபீனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு டீச்சர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். 3x + 4y = 12 என்ற கோட்டை வரைய வேண்டும். டீச்சர் 4y மேல் உள்ளங்கையை வைப்பார். “இத மறைச்சுக்கோ, x நாலு.” பிறகு 3x மேல் வைப்பார். “இப்ப இத மறைச்சுக்கோ, y மூணு.” இரண்டு புள்ளி கிடைத்தாயிற்று, சேர்த்தால் கோடு. முபீனாவும் பள்ளியில் இப்படித்தான் படித்தாள். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த சுமலதா, டீத்தம்ளரோடு உட்கார்ந்து படித்தாள்.

“அக்கா, இத மறைச்சிக்கோன்னா எத்த?”

சரிதான், டீச்சரின் கை கட்டுரைக்குள் வரவில்லையே! முபீனா நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘4y-யை மறைக்கவும்’ என்று திருத்தினாள்.

“சரி, இன்னாத்துக்கு மறைக்கணும்?”

“மறைச்சாதான்டி விடை வரும்.”

“நல்லாக்கீதே நியாயம்! புடிக்காதத எல்லாம் மறைச்சிக்கினே போலாம்னா நானும் அன்னிக்கே பாஸாயிருப்பேனே. நான் கைய வெச்சா அது இல்லாம பூடுமா?”

முபீனாவுக்குச் சுருக்கென்றது. பி.எஸ்ஸி. வரைக்கும் கையை வைத்து மறைத்தாளே தவிர, ஏன் மறைக்கிறோம் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அடச்சீ என்றிருந்தது. கூடவே, அதை இப்போதே தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது என்றும் இருந்தது.

மறுநாள் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டாள். டீச்சரின் வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். டிக்கெட்டுக்கு வந்தவர் இருமிப் பார்த்துவிட்டுப் போயேவிட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளங்கையை வைப்பதற்கு முன்னால், டீச்சரின் சாக்பீஸ் x அச்சான படுக்கைக் கோட்டின் மேல் ஒரு தடவை ஓடி வந்தது. வாய் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

படுக்கைக் கோட்டில் நிற்கும் புள்ளிக்கு உயரம் ஏது? அங்கே y பூஜ்யம். y பூஜ்யமென்றால் 4y-யும் பூஜ்யம். அதேபோல நிமிர்ந்த கோட்டில் x பூஜ்யம், 3x-உம் பூஜ்யம். டீச்சர் எதையும் மறைக்கவேயில்லை. அந்தக் கைதான் பூஜ்யம்!

“யா அல்லா!” என்று அவள் போட்ட கூச்சலில் அன்புராஜ் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

கட்டுரையை அடியோடு மாற்றினாள். ‘மறை’ என்ற பேச்சையே எடுத்துவிட்டாள். படுக்கைக் கோட்டைத் தரை என்று வைத்தால், கோடு அதைத் தொடும் இடத்தில் உயரம் இல்லை, அதனால் y பூஜ்யம் என்று தொடங்கி நிதானமாக எழுதினாள்.

சனிக்கிழமை சுமலதா ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தாள். படித்து முடிக்கும் நேரம் பார்த்து கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது.

“பேஜாரா பூட்ச்சு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்” என்றார் அன்புராஜ்.

“இன்னாத்துக்கு? கணக்கக் குடுங்கண்ணே.”

அவர் ஒரு தாளில் 2x + 5y = 20 என்று எழுதி நீட்டினார். சுமலதா வெளிச்சத்துக்காக வாசல்படிக்குப் போய் உட்கார்ந்தாள். கட்டுரை இருட்டுக்குள் கிடந்தது. இனி எட்டிப் பார்க்கவும் முடியாது. முபீனாவும் பின்னாலேயே போய் நின்றாள். நாளையிலிருந்து மறுபடியும் பயோடேட்டாதானா?

சுமலதா தாளில் முதலில் படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் போட்டாள். பிறகு இடது கையைத் தூக்கி, 5y மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். x பத்து என்று எழுதினாள். விரலை நகர்த்தி 2x-ஐ மூடினாள். y நாலு.

“ஏய், மறைக்கிறதுக்கு அன்னிக்கு அந்தச் சண்டை போட்டியேடி!” என்று முபீனா கத்தியேவிட்டாள்.

சுமலதா நிமிரவில்லை, புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அது ஸைபர்னு யாரு சொன்னாங்கக்கா? இப்ப தெரிஞ்சிபோச்சு, மூடிக்கினேன்.”